மானிட்டர் கருப்பாயிடுச்சா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க

மானிட்டர ஆன் பண்றீங்க, பவர் லைட் எரியுது, கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகுற சத்தமும் கேக்குது, ஆனா ஸ்க்ரீன் மட்டும் கும்மிருட்டு. இல்லன்னா ரெண்டு செகண்ட் படம் பளிச்சுனு வந்து டக்குனு அணைஞ்சுடுது. இத பாத்த உடனே டிஸ்ப்ளே போச்சு, புதுசு வாங்கிக்கலாம்னு நெறைய பேர் முடிவு பண்ணிடறாங்க. எனக்கு அத பாக்குறப்ப மனசே ஆறாது, ஏன்னா இந்த மாதிரி வந்த மானிட்டர நான் திறந்து பாத்தப்ப பல தடவை படம் காட்டுற பேனல்ல ஒரு குறையும் இருக்காது, பின்னாடி இருக்குற லைட்டோ அதுக்கு கரண்ட் குடுக்குற போர்டுல ஒரு சின்ன பார்ட்டோதான் போயிருக்கும்.

ஒரு விஷயம் மொதல்ல புரிஞ்சுக்கணும். எல்சிடி பேனல் தானா வெளிச்சம் விடாது. வெளிச்சத்த எங்க விடணும் எங்க மறைக்கணும்ங்கறது மட்டும்தான் அதோட வேலை, வெளிச்சம் வர்றது பின்னாடி இருக்குற பேக்லைட்ல இருந்து. பழைய மானிட்டர்ல பென்சில விட ஒல்லியான டியூப் இருக்கும், சிசிஎஃப்எல்னு சொல்வாங்க, சின்ன சைஸ் டியூப்லைட்னு வச்சுக்கோங்க. அத எரிய வைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல வேணும், எரிய ஆரம்பிச்சதும் ஐநூறு அறுநூறு வோல்ட் போதும், அந்த வோல்டேஜ உருவாக்குறதுதான் இன்வெர்ட்டர். புதுசுல டியூபும் இல்ல இன்வெர்ட்டரும் இல்ல, எல்இடி ஸ்ட்ரிப்பும் அதுக்கு கரண்ட் குடுக்குற டிரைவர்ங்கற சர்க்யூட்டும்தான். உங்களது எந்த வகைன்னு தெரிஞ்சாதான் மேல போக முடியும், பின்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும், அத வச்சு பாத்துக்கோங்க.

திறக்குறதுக்கு முன்னாடி சும்மா செய்யக்கூடிய வேலைய முடிச்சுடுங்க. வேற கேபிள், வேற கம்ப்யூட்டர், மானிட்டர் மெனுவுல பிரைட்னஸ் யாராவது பூஜ்யத்துல வச்சிருக்காங்களா, அவ்வளவுதான். பவர் லைட்டே எரியலன்னா, இல்ல அது மட்டும் விட்டு விட்டு மினுக்குதுன்னா பேக்லைட்ட விட்டுட்டு பவர் சப்ளைல இருந்து தேட ஆரம்பிங்க.

இப்ப டார்ச். ரூம் லைட்ட அணைச்சுட்டு, கம்ப்யூட்டர்ல வெள்ளை பின்னணியில கருப்பு எழுத்து இருக்குற ஏதாவது பக்கத்த திறந்து வச்சுட்டு, டார்ச்ச ஸ்க்ரீனுக்கு ரொம்ப பக்கத்துல வச்சு நேரா அடிக்காம சாய்ச்சு அடிங்க. மெதுவா நகர்த்திக்கிட்டே பாருங்க. பேனல் உயிரோட இருந்தா வெளிச்சம் விழுற அந்த வட்டத்துக்குள்ள மட்டும் எழுத்தும் ஐகானும் சாம்பல் கலர்ல மங்கலா தெரியும், மவுச அசைச்சா அம்புக்குறி நகர்றது கூட தெரியும். தெரிஞ்சுதுன்னா சந்தோஷப்படுங்க, பேனலும், அதுக்கு படத்த அனுப்புற மெயின் போர்டோட பெரும்பகுதியும் நல்லா இருக்கு, கோளாறு வெளிச்சத்துல மட்டும்தான். எவ்வளவு தேடியும் ஒண்ணுமே தெரியலன்னா மெயின் போர்டு, பேனலுக்குப் போற கேபிள் இந்தப் பக்கம் பாக்கணும், அது வேற கதை.

அறிகுறிய வச்சே பாதி கண்டுபிடிச்சுடலாம். ஒண்ணு ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணையுதுன்னா இன்வெர்ட்டர் தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டு நிறுத்துதுன்னு அர்த்தம், அதாவது ஏதோ ஒரு டியூப் சரியா கரண்ட் எடுக்கல, இல்ல வர்ற வோல்டேஜ் தொய்யுது. ஆன் பண்ணினதும் ஸ்க்ரீன் பூரா சிவப்பா இளஞ்சிவப்பா இருந்து கொஞ்ச நேரம் கழிச்சு வெளுத்தா டியூப் வயசாயிடுச்சு. சூடானதுக்கு அப்புறம்தான் அணையுது, இல்ல தட்டினா எரியுதுன்னா சால்டர், அதாவது பார்ட்ட போர்டோட ஒட்டியிருக்குற ஈயம், விரிசல் விட்டிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பிரைட்னஸ குறைச்சா மட்டும் மினுக்குற மாதிரி கண்ணு வலிக்குதுன்னா அது கோளாறே இல்லாமக்கூட இருக்கலாம், நிறைய மானிட்டர்ல பிரைட்னஸ குறைக்கிறதே லைட்ட வேகமா அணைச்சு அணைச்சு எரிய வச்சுதான், நூறுல வச்சுப் பாத்து மினுக்கல் போயிடுச்சுன்னா பயப்பட வேணாம்.

திறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், இத மட்டும் அவசரமா படிச்சுத் தாண்டிப் போயிடாதீங்க. பிளக்க சுவத்துல இருந்து புடுங்கினதுக்கு அப்புறமும் பவர் சப்ளைல இருக்குற பெரிய கெப்பாசிட்டர், அதாவது கரண்ட சேத்து வைக்கிற உருளை மாதிரி பார்ட், மேல 400 இல்ல 450 வோல்ட்னு எழுதியிருக்கும், அதுல சார்ஜ் நிக்கும். 230 வோல்ட் லைன்ல அது கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசி, ஆள தூக்கிப் போட்டுடும். புடுங்கி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் மல்டிமீட்டர டிசி 1000 வோல்ட் ரேஞ்சுல வச்சு அதோட ரெண்டு காலையும் அளந்து பாருங்க. இன்னும் இருந்தா ரெண்டு கிலோ ஓம், அஞ்சு வாட் மாதிரி ஒரு ரெசிஸ்டர இடுக்கியால புடிச்சு காலுக்குக் குறுக்க வச்சு இறக்குங்க, திரும்ப அளந்து ரெண்டு மூணு வோல்ட்டுக்குக் கீழ வந்ததுக்கு அப்புறம்தான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவர வச்சு ஷார்ட் பண்றத நிறைய பேர் செய்றாங்க, தயவுசெஞ்சு வேணாம், பொறி பறந்து கண்ணுல அடிக்கும், பக்கத்துல இருக்குற பார்ட்டையும் சேத்துக் கொண்டு போயிடும்.

மானிட்டர மெத்துன்னு ஒரு துணி மேல குப்புறப் படுக்க வைங்க, ஸ்டாண்ட கழட்டுங்க, ஸ்க்ரூ எல்லாத்தையும் எடுங்க. அதுக்கப்புறம் ஃப்ரேம் சுத்தி பிளாஸ்டிக் கிளிப்தான் புடிச்சிருக்கும், அதுல பழைய பிளாஸ்டிக் கார்ட சொருகி கீழ்ப்பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா விடுவிச்சுக்கிட்டே போங்க, இரும்பு ஸ்க்ரூடிரைவர சொருகினா பேனல் ஓரம் தெறிச்சுடும். உள்ள தகர டப்பா மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கடியிலதான் பவர் போர்டு, மெயின் போர்டு ரெண்டும். ஒவ்வொரு கனெக்டரையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க.

மொதல்ல கண்ணால பாருங்க, மீட்டர் அப்புறம். பவர் போர்டுல ஹீட்சிங்க், அதாவது சூட்ட வெளியேத்துற உலோகத் தகடு, அதுக்குப் பக்கத்துல 470, 1000 மைக்ரோஃபாரட்னு 16 வோல்ட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் வரிசையா நிக்கும். நல்ல கெப்பாசிட்டரோட தலை தட்டையா நாணயம் மாதிரி இருக்கும், கெட்டது லேசா மேல உப்பியிருக்கும், சிலது தலையில இருக்குற கோடு வழியா வெடிச்சு பழுப்பா காஞ்சு போயிருக்கும். விரல் நுனியால தடவிப் பாத்தா கண்ணுக்குத் தெரியாத மேடு கூடத் தெரியும். அடிப்பக்கம் ரப்பர் தள்ளிக்கிட்டு சாஞ்சு நிக்கிறதும் அதே வியாதிதான். பார்ட் ஆடாம இருக்க கம்பெனியிலயே ஒரு பசை ஊத்தியிருப்பாங்க, அத கசிவுனு நினைச்சு ஏமாந்துடாதீங்க. 2000ல இருந்து ஏழெட்டு வருஷத்துல வந்த மானிட்டர்னா கெப்பாசிட்டர் மேல சந்தேகம் மொதல்ல வரணும், அந்தக் காலத்துல தரங்கெட்ட கெப்பாசிட்டர் நிறைய போர்டுல போட்டிருந்தாங்க.

மாத்துறப்ப மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்கணும், வோல்ட் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், கீழ போகக்கூடாது, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்ள இருக்குற தடை குறைவான) வகைனு கேட்டு வாங்குங்க. சாதா வகை போட்டாலும் மானிட்டர் மொதல்ல எரியும், ஆனா சில மாசத்துல அது திரும்ப உப்பும். உடம்புல கோடு போட்டிருக்குற பக்கம் மைனஸ், போர்டுல எந்தப் பக்கம் இருந்துச்சுனு கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோவுல இருக்கணும், மாத்திப் போட்டா வெடிக்கும். பழசு வரலன்னா இழுக்காதீங்க, பழைய ஈயத்து மேல கொஞ்சம் புது ஈயம் விட்டு ரெண்டு காலையும் மாத்தி மாத்தி சூடு பண்ணினா தானா வழுக்கிக்கிட்டு வரும், இழுத்தா செப்புத் தகடும் சேந்து உரிஞ்சு வந்துடும். ஒண்ணு உப்பியிருந்தா அதே வரிசையில இருக்குற மத்ததையும் மாத்திடுங்க, அதுங்களும் அதே சூட்டுல அத்தனை வருஷம் வெந்ததுதான்.

ஒரு தடவை எல்லா கெப்பாசிட்டரையும் மாத்திட்டேன், மானிட்டர் அதே ரெண்டு செகண்ட்ல அணையுது. டியூப்பும் நல்லது. கடைசியில போர்ட திருப்பி வச்சு லென்ஸ் வழியா ஒவ்வொரு காலா பாத்துக்கிட்டே வந்தப்ப இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரோட ஒரு காலச் சுத்தி தலைமுடி கனத்துல ஒரு கருப்பு வளையம். ஈயம் மேல பளபளன்னு இருக்கு, ஆனா கால் அதுல ஒட்டாம தனியா நிக்குது. சூடு பண்ணி பழைய ஈயத்த உறிஞ்சிட்டு புதுசு வச்சேன், ஒரு நிமிஷ வேலை, இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. அதனால டிரான்ஸ்ஃபார்மர், காயில், கனெக்டர் காலு எல்லாத்தையும் ஒரு தடவை புது ஈயம் வச்சுட்டா அந்தச் சந்தேகமே தீந்துடும்.

அதுக்கும் மசியலன்னா மீட்டர எடுங்க. கனெக்டர் பக்கத்துல போர்டுலயே எழுத்து அச்சடிச்சிருப்பாங்க. இன்வெர்ட்டருக்கு வர்ற சப்ளை, மாடலப் பொறுத்து 12ல இருந்து 20 வோல்ட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு. அடுத்தது பிஎல் ஆன் இல்ல ஆன் ஆஃப்னு ஒரு பின், எரியச் சொல்லி மெயின் போர்டு அனுப்புற சிக்னல், பொதுவா மூணுல இருந்து அஞ்சு வோல்ட் வரும். டிம்னோ ஏடிஜேனோ இன்னொண்ணு, அது பிரைட்னஸ். கிரவுண்ட்ல கருப்பு முனைய வச்சுக்கிட்டு ஆன் பண்ற நேரத்துல அளங்க. சிக்னலே வரலன்னா மெயின் போர்டுல தேடுங்க, சப்ளை மொதல்ல சரியா இருந்து லைட் எரியப் போற நொடியில சரிஞ்சுதுன்னா பவர் சப்ளை கெப்பாசிட்டர் வீக், ரெண்டும் சரியா வந்தும் எரியலன்னா இன்வெர்ட்டர், இல்ல டியூப். இன்வெர்ட்டரோட அவுட்புட்ல மட்டும் மீட்டர் முனைய வச்சுடாதீங்க, மீட்டரும் போகும், உங்களுக்கும் ஆபத்து.

இன்வெர்ட்டர்ல ஃபியூஸ் போயிருந்தா உடனே புதுசு போடாதீங்க. அது சும்மா போகாது, பக்கத்துல இருக்குற டிரான்சிஸ்டர் இல்ல மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனதால போயிருக்கும், அத கண்டுபிடிச்சு மாத்தாம ஃபியூஸ் மட்டும் போட்டா அதுவும் போயிடும். டிரான்ஸ்ஃபார்மர செக் பண்ண, பவர் இல்லாதப்ப ஒவ்வொண்ணோட ஹை வோல்டேஜ் கம்பிச் சுத்தையும் ஓம்ஸ்ல அளந்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாருங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா நின்னா அதுதான் ஆளு.

டியூப்ப செக் பண்றதுக்கு நல்லா எரியுற ஒரு பழைய சிசிஎஃப்எல் கையில வச்சிருந்தா பெரிய உதவி. ஒவ்வொரு கனெக்டர்லயா அத மாட்டி ஆன் பண்ணுங்க, எந்த இடத்துல மாட்டினப்ப அணையாம நிக்குதோ அந்த இடத்து டியூப்தான் கெட்டது. டியூப்ப வெளிய எடுத்தா முனை ரெண்டும் கருத்திருக்கும், பல சமயம் அதுவே போதும். புதுசு வாங்குறப்ப நீளமும் கனமும் மில்லிமீட்டர் கணக்குல அதே அளவு இருக்கணும். இதுக்கு பேனல பிரிக்கணும், வெளிச்சத்த பரப்புற டிஃப்யூசர் ஷீட் வரிசை மாறாம பாத்துக்கணும், பேனல் ஓரத்துல தொங்குற மெல்லிய ரிப்பன இழுத்துடக்கூடாது, அது அறுந்தா அத்தோட பேனலே போச்சு. டியூப்ல பாதரசம் கொஞ்சம் இருக்கு, உடைஞ்சா ஜன்னல திறந்துவிட்டுட்டு ஈரத்துணியாலயும் டேப்பாலயும் எடுங்க, வேக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சாதீங்க.

எல்இடி மானிட்டர்ல கதை கொஞ்சம் சுலபம். ஒவ்வொரு வெள்ளை எல்இடியும் மூணு வோல்ட் கிட்ட எடுக்கும், பத்து இருபதுனு வரிசையா கோத்திருப்பாங்க, அதுல ஒண்ணு ஓபன் ஆனாலும், அதாவது உள்ள அறுந்தாலும், அந்த வரிசை பூரா அணையும். டிரைவர் அவுட்புட் கெப்பாசிட்டர்ல அளந்து பாருங்க. உள்ள வர்ற வோல்டேஜே அப்படியே வெளிய நிக்குதுன்னா டிரைவர் வேலை செய்யல, இல்ல அதுக்கு ஆன் சிக்னல் வரல. ஒரு நொடி ஜிவ்வுனு ஏறிட்டு விழுந்துதுன்னா டிரைவர் முயற்சி பண்ணுது, ஆனா எல்இடி ஓபன், இல்ல அதுக்குப் போற கனெக்டர் லூஸ். கனெக்டர கழட்டி மாட்டிப் பாக்குறது மொத வேலை, சில தடவை அதோட முடிஞ்சுடும். ஸ்ட்ரிப் மாத்துனா அடியில சூடு கடத்துற டேப் போட்டு தகரத்தோட நல்லா ஒட்டணும், இல்லன்னா புது எல்இடியும் சூட்டுலயே கருகிடும்.

பழைய மானிட்டருக்கு டியூப் கிடைக்கலன்னா எல்இடி கிட் போடலாம், நான் போட்டிருக்கேன், நல்லாவே எரியுது. சப்ளை, கிரவுண்ட், ஆன், டிம் நாலு ஒயர்தான், பழைய இன்வெர்ட்டருக்குப் போன அதே இடத்துல இருந்து எடுக்கலாம், ஆனா பழைய இன்வெர்ட்டருக்குப் போற சப்ளைய கட் பண்ணியே ஆகணும். பிரைட்னஸ கூட்டினா இருட்டாகுதுன்னா கிட் கெட்டுப் போகல, டிம் சிக்னல் அந்த மாடல்ல தலைகீழா வருது.

இணையத்துல இன்வெர்ட்டரோட புரொடெக்ஷன கட் பண்ணிட்டா அணையாதுன்னு சொல்லித் தர்றாங்க, அத மட்டும் கேக்காதீங்க. அது அணையுறதுக்குக் காரணம் இருக்கு, வாயக் கட்டிட்டா டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி புகையும், ஆள் இல்லாத நேரத்துல நடந்தா தீ புடிக்கிற வரைக்கும் போகும்.

எல்லாம் சேந்ததும் தகர மூடியப் போட்டு, வெளி ஃப்ரேம மட்டும் மாட்டாம, ஒரு ரெண்டு மணி நேரம் முழு பிரைட்னஸ்ல ஓட விடுங்க, பக்கத்துலயே இருங்க, குழந்தைங்கள கிட்ட விடாதீங்க. கருகுற வாடை வருதா, கீச்சுனு சத்தம் வருதான்னு கவனிங்க. அப்புறம் பிளக்க புடுங்கி நல்லா ஆற விட்டு திரும்ப ஒரு தடவை ஆன் பண்ணுங்க, ஏன்னா சில கோளாறு ஆறினதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்றப்பதான் தலை காட்டும். அதுலயும் நின்னுச்சுன்னா ஃப்ரேம மாட்டி கிளிப்ப அழுத்தி மூடிடுங்க.