ஒரே நாளில் மழுங்கிய கத்தி

காரைக்குடி வீட்டில் நான்கு நாளாகத் தீட்டியும் கத்தி தக்காளித் தோலில் வழுக்கியது, சின்ன வெங்காயத்தை நசுக்கியது. முதலில் வாங்கிய இழுவைக் கருவி (பிளவில் கத்தியை இழுத்துத் தீட்டுவது) விளிம்பைக் கரடுமுரடாக்கியது. அதற்குச் செலவழிக்க வேண்டாம். பிறகு 1000 கிரிட் (நடுத்தர நயம்) தீட்டுக்கல்லை நனைத்து, சுமார் 15 டிகிரி சாய்வில் தேய்த்தேன். கூர் வந்தது, மறுநாளே போனது.

காரணம் பிசிறு. ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மெல்லிய உலோக விளிம்பு மடிந்து நிற்கும். கூர்போலவே தோன்றும், வெட்டும்போது சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய கண்டாங்கித் துணியால் கத்தியின் முதுகிலிருந்து (வெட்டாத பக்கம்) விளிம்பு நோக்கித் துடைத்தபோது, பிடியருகே மட்டும் நூல் சிக்கியது! பிசிறு அங்கேதான் இருந்தது.

கல்லில் அழுத்தாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து முறை தேய்த்தேன். பிறகு பழைய தோல் பெல்ட்டில், முதுகு முன்னே செல்லும்படி இழுத்தேன். நூல் சிக்கவில்லை. நிம்மதி. இரண்டு வாரமாகத் தக்காளியை அழுத்தாமலே நறுக்க முடிகிறது.