கமிஷன் வேலைக்கான நேர்காணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுள் காப்பீட்டு முகவர், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், வங்கிக் கடனுக்கு ஆள் பிடித்துத் தரும் டி.எஸ்.ஏ. எனக் கமிஷனை நம்பிய நிதித்துறை வேலைகளுக்கு நடக்கும் நேர்காணல், மற்ற நேர்காணல்களிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. மாதச் சம்பளத்துக்குத் தவறான ஆளை எடுத்துவிட்ட நிறுவனம் ஒவ்வொரு மாதமும் அதற்கான விலையைக் கொடுக்கிறது. விற்றால் மட்டுமே பணம் பெறும் முகவரைச் சேர்ப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் காலாண்டில் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற டார்கெட் இருக்கும். சேர்ந்தவர்கள் கொண்டுவரும் பிரீமியத்தைப் பொறுத்தே அவருடைய இன்சென்டிவும் அமையும். ஆகவே அந்த அறையில் முதலில் விற்பனை செய்பவர் அவர்தான், நீங்கள் அவருடைய வாடிக்கையாளர். இதைப் புரிந்துகொள்ளாமல், வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவரைப் போலக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, "செலக்ட் ஆகிட்டீங்க" என்றதும் மகிழ்ந்து எழுந்து வருவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு.

வேலையா, முகமையா என்று கேட்காமல் இருப்பது

விளம்பரத்தில் "ஃபைனான்சியல் அட்வைசர்", "பிசினஸ் அசோசியேட்", "மாத வருமானம் 25,000 முதல்" என்றுதான் இருக்கும். முகவர் என்ற சொல் பெரும்பாலும் கண்ணில் படாது. முகவராகச் சேர்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஆவதில்லை என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளத்துடன் கூடிய விடுப்பு எதையும் அவர் எதிர்பார்க்க முடியாது. எல்.ஐ.சி.யையே எடுத்துக்கொண்டால், டெவலப்மென்ட் ஆபீசர் சம்பளம் வாங்கும் ஊழியர்; அவருக்குக் கீழே பாலிசி பிடிக்கும் முகவர் கமிஷன் மட்டும் பெறுபவர். எல்.ஐ.சி. முகவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, அதன் உச்சவரம்பு 2023இல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதியென எண்ணிக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. வங்கிக் கிளைக்குள்ளேயே உட்கார்ந்து, வங்கியின் பெயர் பொறித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்வார்கள்; ஆனால் சம்பளம் ஏதோ ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பே ரோலில் இருந்து வரும். "நான் யாருடைய பே ரோலில் இருப்பேன், ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, மூன்று மாதம் டார்கெட் எட்டாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் தலையாட்டுவது

நேர்காணலின் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வெளியே வரும். அதில் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு எனக் கட்டங்கள் போட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளின் பிரீமியத்துக்குக் கிடைக்கும் ரினியூவல் கமிஷன் ஆண்டுக்கு ஆண்டு குவிந்துகொண்டே போவதாகக் காட்டி, ஐந்தாம் ஆண்டில் கார், பத்தாம் ஆண்டில் ஓய்வு என்று முடிப்பார்கள். சுவரில், அதிகம் விற்கும் முகவர்களுக்கான உலக அமைப்பான எம்.டி.ஆர்.டி.யின் தகுதி பெற்றவர்களின் கோட்டு சூட்டுப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அந்தத் தாளில் எழுதியது பொய் என்று சொல்ல முடியாது, எழுதாமல் விட்டதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயுள் காப்பீட்டின் நீண்டகாலப் பாலிசிகளில் பல்லாண்டுகளாக எல்லோருக்கும் பழக்கமான விகிதத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்: முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 25 சதவீதம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை, அதன் பிறகு 5. ஆண்டுக்கு 30,000 ரூபாய் பிரீமியம் உள்ள ஒரு பாலிசிக்கு முதல் ஆண்டில் 7,500 ரூபாய் வரும். அடுத்த இரண்டு ஆண்டுகள் 2,250 ரூபாய் வீதமும், பிறகு 1,500 ரூபாய் வீதமும் வரும். மாதம் 25,000 ரூபாய் ஈட்ட மாதந்தோறும் ஒரு லட்சம் ரூபாய்க்குப் புதுப் பிரீமியம் பிடிக்க வேண்டும். அதாவது இதே அளவில் மூன்று நான்கு பாலிசிகள், ஒரு மாதம் விடாமல். பெட்ரோல், செல்போன், வாடிக்கையாளரோடு குடிக்கும் காபி எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போகும். வாடிக்கையாளர் பிரீமியம் கட்டாமல் பாலிசி லாப்ஸ் ஆனால் ரினியூவல் கட்டங்கள் அத்தனையும் காலி.

இன்று இந்த விகிதங்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதால் கேள்வி இன்னும் அவசியமாகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரல் முதல் பாலிசி வகைவாரியான கமிஷன் உச்சவரம்புகளை நீக்கிவிட்டு, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தது. 2024 அக்டோபரில் சரண்டர் மதிப்புக்கான (பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்பவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை) புதிய விதிகள் வந்தபோது பல நிறுவனங்கள் கமிஷன் அமைப்பை மாற்றின. முதல் ஆண்டுப் பங்கைக் குறைத்து பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளியவர்களும் உண்டு. ஆகவே "இருபத்தைந்து பர்சென்ட் சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், எந்தத் திட்டத்துக்கு எத்தனை சதவீதம், வாடிக்கையாளர் பாலிசியைப் பாதியில் விட்டால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா என்பதை அச்சிட்ட அட்டவணையில் பார்த்துக்கொள்வதே சரி. கமிஷனில் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பதும் உண்டு: 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் காப்பீட்டு முகவருக்கான கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம், பான் எண் தராதவருக்கு 20 சதவீதம்.

மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் கணக்கு வேறு மாதிரி. முதலீட்டாளரிடம் தொடக்கத்திலேயே பிடித்த நுழைவுக் கட்டணம் 2009 ஆகஸ்டில் ஒழிந்தது. 2018 அக்டோபரில் முன்பணக் கமிஷனையும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்தியதால், இப்போது பெரும்பாலும் டிரெயில்தான்; அதாவது வாடிக்கையாளரின் பணம் ஃபண்டில் இருக்கும்வரை அதன் மதிப்பில் ஆண்டுதோறும் கிடைக்கும் சிறு சதவீதம். டிரெயில் முக்கால் சதவீதம் என்று கொண்டால், மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து முதல் ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறக்குறைய 240 ரூபாய். மாதம் 25,000 வர வேண்டுமானால் உங்கள் வழியாக வந்த முதலீடு 4 கோடியை எட்டியிருக்க வேண்டும். பொறுத்திருப்பவருக்கு இது நல்ல தொழிலே. அடுத்த மாத வாடகையை இதில் எதிர்பார்ப்பவர், கையில் ஓராண்டுச் செலவுக்கான பணம் இல்லாமல் இறங்கக் கூடாது.

அங்கேயே பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுப்பது

"உங்க நேச்சுரல் மார்க்கெட் யாரு சார்?" என்ற கேள்வி வராத காப்பீட்டு நேர்காணலே இல்லை எனலாம். அதாவது சொந்தம், நட்பு, பழைய அலுவலகம், குடியிருக்கும் தெரு என உங்கள் முகத்துக்காகவே முதல் பாலிசி எடுக்கக்கூடியவர்கள் யார் என்று கேட்கிறார்கள். தொடர்ந்து கோடு போட்ட படிவம் ஒன்று கைக்கு வரும்: பெயர், செல் நம்பர், வயது, திருமணம் ஆனவரா, குழந்தைகள் எத்தனை, தோராய வருமானம், எனக்கு எவ்வளவு நெருக்கம் என்று தலைப்புகள், கீழே நூறு வரிசைகள். உற்சாகத்தில் செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் நாற்பது பேரை எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் ஏராளம். நீங்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்தத் தாள் அலுவலகத்திலேயே தங்கிவிடும். நாளைக்கு உங்கள் சித்தப்பாவுக்கு வேறொருவர் போன் செய்து உங்கள் பெயரைச் சொல்லி அறிமுகமாவார். எத்தனை பேரைத் தெரியும், எப்படிப்பட்டவர்கள் என்று வாயால் சொன்னால் போதும், பெயரும் எண்ணும் நியமனத்துக்கு முன் தரத் தேவையில்லை. இன்னொன்றையும் அங்கேயே கேட்டுவிடலாம்: "சொந்தக்காரர்கள் முடிந்த பிறகு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? லீட், அதாவது வாங்கக்கூடியவர்களின் விவரம், நீங்கள் கொடுப்பீர்களா?" என் அனுபவத்தில், கிளையின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பட்டியலோடு முகவரும் தீர்ந்துபோவார் என்று கணக்கிட்டு ஆள் சேர்க்கும் கிளைகளில் இதற்கு ஒழுங்கான பதிலே வராது.

உரிமம், பணம், பெயர்

காப்பீட்டு முகவராகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 25 மணி நேரப் பயிற்சி முடித்து, முகவர்களுக்கான ஐ.சி.-38 தேர்வில் 35 சதவீதம் எடுக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு என்.ஐ.எஸ்.எம்.மின் ஐந்து-ஏ தேர்வில் 50 சதவீதம் எடுத்து, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் பெற வேண்டும். இவற்றின் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள்; "டெபாசிட்", "கிட்" என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டுமே முகவராக இருக்க முடியும் என்பதால், எப்போதோ எடுத்துக் கிடப்பில் போட்ட பழைய ஏஜென்சி கோட் (முகவர் எண்) இருந்தால் அதை மறைப்பது வீண். பான் எண்ணைப் போட்டவுடன் தெரிந்துவிடும்.

அரசு ஊழியர் வந்தால், "உங்க வீட்டம்மா பேர்ல கோட் எடுத்துக்கலாம் சார்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், குடும்பத்தினர் வைத்திருக்கும் காப்பீட்டு முகமைக்காக ஆள் பிடிப்பதையும் குற்றமாகவே பார்க்கின்றன. விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊழியர்தான். யோசனை சொன்னவர் அன்று அங்கே இருக்க மாட்டார்.

எதற்கும் "முடியும்" என்பது

"கஸ்டமர், முதல் தவணையில் பாதியை நீங்க கட்டுங்கன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு, "கட்டி பிசினஸை முடிச்சிடுவேன்" என்பது துணிச்சலான பதில் போலத் தோன்றும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இப்படிக் கமிஷனில் பங்கு கொடுப்பதைத் தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். நடைமுறையில் பலரும் கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் நேர்காணலில் அதை ஒப்புக்கொள்பவர் சட்டம் தெரியாதவராகவும், தம் வருமானத்தைத் தாமே பாதியாக்கிக்கொள்பவராகவும் தெரிவார். இலவசமாகப் பிடித்த வாடிக்கையாளர் இரண்டாம் தவணையைக் கட்டுவதில்லை. அவரால் 13ஆம் மாதப் பெர்சிஸ்டென்சி, அதாவது ஓராண்டுக்குப் பிறகும் பிரீமியம் கட்டித் தொடரும் பாலிசிகளின் விகிதம், விழும். தன் வேலை தெரிந்த மேலாளர் அதைத்தான் கவனிப்பார். பாலிசி கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்கு நானே சொல்வேன் என்று பதில் சொல்லும் ஒருவரை நிராகரிக்கும் கிளை, சேரத் தகுந்த கிளை இல்லை.

சம்பளத்தோடு கூடிய ரிலேஷன்ஷிப் மேனேஜர் பணிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே தேர்வு உண்மையாகவே நடக்கிறது, பழைய நிறுவனத்தில் செய்த பிசினஸை ஊதிப் பெருக்கிச் சொன்னால் அந்த எண்ணே அடுத்த மாத டார்கெட்டாக உங்கள் தலையில் இறங்கும்.

விற்கப்போகும் பொருள் எந்த ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வருகிறது என்று கேட்கத் தவறுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் சுமார் 2,400 கோடி ரூபாய் திரட்டியதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தபோது, இயக்குநர்களோடு முகவர்களும் கைதானார்கள். பணம் போட்டவர்கள் முதலில் தட்டியதும் தங்களுக்குத் தெரிந்த முகவரின் வீட்டுக் கதவைத்தான். காப்பீடு என்றால் ஒழுங்குமுறை ஆணையம், ஃபண்ட் என்றால் செபி, டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கி என்று பதிவு எண்ணைக் கேட்டு, அதை அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கலாம். சுவர்ப் படத்தில் இடம்பெறாத, மூன்று ஆண்டுகளாகத் தொழில் செய்யும் ஒரு முகவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது ஒன்று. நியமனக் கடிதத்தின் மாதிரியை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்பது மற்றொன்று. "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த பேட்ச்" என்று பதில் வந்தால், அடுத்த பேட்ச்சுக்குக் காத்திருங்கள். அது அடுத்த வாரமே வரும்.