சென்னையிலிருந்து மணாலிக்கு: முதல்முறை பனிச்சறுக்கு, கூடவே தோட்ட வாசம்

கடற்கரை ஊரில் வளர்ந்த நமக்கும் பனிச்சறுக்கு கைகூடும். ஒரு வார விடுப்பும் கொஞ்சம் முன்தயாரிப்பும் போதும். பாதி நாள் மணாலிக்கு அருகே உள்ள சோலாங் பனிச்சரிவில், பாதி நாள் குல்லு பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்ட வீடு ஒன்றில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடாமல் சறுக்கினால் தொடை தாங்காது. தோட்டத்தில் அதற்கு ஓய்வும் கிடைக்கும், மலை மக்களின் வாழ்க்கையும் தெரியும்.

1. தேதி

பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். பனியும் இருக்கும், குளிரும் சற்றுத் தணிந்திருக்கும். நம் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிய ஏப்ரல் ஆகிவிடும். அதற்குள் சோலாங்கில் பனி பெரும்பாலும் கரைந்திருக்கும். ஏப்ரலில் போகிறவர்கள் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி, மலைக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கம் பனி தேட வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும் முன் பயிற்சியாளரிடம் நிலவரம் கேட்டுவிடுங்கள்.

2. சென்னையிலேயே தொடங்குங்கள்

ஒரு மாதம் முன்பிருந்தே பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள், பெசன்ட் நகர் மணலில் நடங்கள். முழங்காலை மடக்கி நிற்கும் பலம்தான் சறுக்கலுக்கு அடிப்படை. உள்ளே தெர்மல், நடுவில் ஃபிலீஸ் (மென்மையான கதகதப்புத் துணி), வெளியே நீர் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு உடை வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உடம்பை விறைக்க வைக்கும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

3. சாலை

சண்டிகர் வரை விமானம். அங்கிருந்து மணாலி சுமார் 300 கி.மீ. மலைப்பாதையில் பழக்கமில்லாதவர்கள் தாங்களே ஓட்டாமல், ஓட்டுநரோடு கார் எடுப்பதுதான் சரி. வழியில் உள்ள மண்டி நகரைத் தாண்டினால் நிலச்சரிவு நடக்கும் இடங்கள் உண்டு. விடியற்காலையில் கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

4. பனியில் முதல் நாள்

பூட்ஸில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு ஜோடி சாக்ஸ்தான் போட வேண்டும். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கினால் அளவு பெரிது, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கீயை (பூட்ஸில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகை) நிறுத்திவைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் இடையே உயரம் இருப்பது புதியவர்களுக்கு நல்லது.

பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஸ்கீயின் மேலுள்ள பிடிப்பில் முன்கால் பகுதியை முதலில் நுழையுங்கள்; அப்புறம் குதிகாலை அழுத்துங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும்.

நகர்வதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்கீயின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு போல வரும். அகட்ட அகட்ட வேகம் குறையும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன்எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தும்படி முன்னே சாய்ந்து, கைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்ப இடது காலை அழுத்துங்கள், இடப்பக்கம் திரும்ப வலது காலை.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கமாக விழுங்கள். எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்புறம் இருக்கட்டும்.

முறையாகக் கற்க ஆசை வந்துவிட்டதா? மணாலியின் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வகுப்புகள் நடத்துகிறது.

5. தோட்ட வீடு

குல்லு பள்ளத்தாக்கில் உள்ள நக்கர் ஊர்ப் பக்கம் ஆப்பிள் தோட்டத்தோடு கூடிய ஹோம்ஸ்டேக்கள் உண்டு. பதிவு செய்யும்போதே "வேலையிலும் சேர்ந்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். குளிர்காலம் முடியும்வரை கவாத்து வேலை இருக்கும். எந்தக் கிளையை ஏன் வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாட்டுக்கொட்டிலில் பைன் ஊசியிலைகளைப் பரப்பி, அது மட்கியதும் எருவாக்குவார்கள். மாவைப் புளிக்கவைத்து, வால்நட் பூரணம் வைத்து ஆவியில் அவிக்கும் 'சித்து', இட்லி பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். நெய்யோடு சூடாகச் சாப்பிடுங்கள்.

ஏப்ரலில் போனால் பூக்காலம். ரெட் டெலிஷியஸ் போன்ற ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதில்லை, வேற்று ரக மகரந்தம் வேண்டும். அதைக் கொண்டுசேர்க்கத் தேனீப் பெட்டிகளை மரங்களுக்கிடையே வைத்திருப்பார்கள். அருகே போகாதீர்கள். மருந்து தெளிக்கும் நாள் எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அன்று குழந்தைகளைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.