அறிவியல் புனைவு எபிசோடு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சிக்கு எழுத வரும் இளையர்கள் அறிவியல் புனைவைக் கையில் எடுத்ததும் முதலில் கெடுத்துக்கொள்வது வசனத்தைத்தான். ஆய்வுக்கூடத்தில் இருவர் நிற்பார்கள். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஒருவர் மற்றவருக்கு இரண்டு பக்கம் விளக்குவார். நமக்காகப் பேசுகிறார் என்று தெரிந்த நொடியே கதை செத்துவிடும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி ஆனபோது சிங்கப்பூரின் அதிகாரபூர்வ நேரம் நேராக 12 மணிக்குத் தாவியது. அன்றிரவு அரை மணி நேரம் இந்த ஊரில் இல்லவே இல்லை. அதற்குள் ஒருவர் சிக்கிக்கொண்டார் என்பது நம் கதை. இதற்கு இயற்பியல் பேராசிரியர் எதற்கு? தோ பாயோ வீட்டில் ஒரு பாட்டி. ஆண்டின் கடைசி இரவு பேரனைக் கூப்பிட்டு, “தாத்தா வர்ற நேரம். உன்னைவிட அவருக்கு வயசு கம்மி, பார்த்துப் பேசு” என்கிறார். அவ்வளவுதான். என்ன நடந்தது, தாத்தாவுக்கு ஏன் வயதாகவில்லை, பாட்டி இத்தனை வருடம் எதைச் சுமந்தார் எல்லாம் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. கண்டுபிடிப்பு எதுவாக இருந்தாலும் அது ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

அப்புறம், போட்ட விதியை உச்சக்காட்சியில் மீறாதீர்கள். தாத்தாவுக்கு அரை மணி நேரம்தான் என்றால் அரை மணி நேரம்தான். பேரன் அழுதான் என்பதற்காக அது ஒரு மணி நேரமாக நீண்டால், அதுவரை பதறிக்கொண்டு பார்த்தவர்களை நீங்கள் ஏமாற்றுகிறீர்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பட்ஜெட்டை மறந்து பறக்கும் கார்களும் கடலடி நகரமும் எழுதுவதும் வீண்தான். 1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில் ஆட்கள் ஒளியாகக் கரைந்து வேறு கிரகத்தில் தோன்றுவார்கள். வாரா வாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்க ஆகும் செலவைத் தவிர்க்க வந்த யோசனை அது. கையில் காசில்லாததே தொடரின் அடையாளமாகிவிட்டது! உங்களுக்கு ஒரு அடுக்குமாடி புளோக்கும் அதன் மின்தூக்கியும் போதும்.

அறிவியலைச் சரிபார்க்கச் சோம்பல்படாதீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் இருக்கும் மகளும் ஈசூனில் இருக்கும் அம்மாவும் தொலைபேசியில் சண்டை போட முடியாது. அங்கிருந்து சமிக்ஞை வந்து சேரவே ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். போய்த் திரும்ப அதைப்போல இரண்டு மடங்கு. இது தடையே இல்லை, நல்ல காட்சி. அம்மா கோபத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் மனம் மாறி, மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிடுகிறார். முதலில் வந்து சேர்வது மகளின் கோபமான பதில். விஞ்ஞான உண்மையே நாடகத்தை எழுதித் தருகிறது, அதை ஏன் விடவேண்டும்?

வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்து இரவு 9 மணி வரை வெயில் அடிப்பதாக எழுதிவிடாதீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டி இருட்டிவிடும். கதை 2150இல் நடந்தாலும் தேக்காவில் மீன் வாங்குபவர் செய்தி வாசிப்பதுபோலப் பேசமாட்டார். எழுதிய வசனத்தை வீட்டில் யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் “இது என்ன மெஷின்?” என்று கேட்டால் பரவாயில்லை, “அப்புறம் அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள்.