வாட்ச் தோல் ஸ்ட்ராப்புக்கு எந்தக் கண்டிஷனர், எவ்வளவு?

தோல் ஸ்ட்ராப் வெடிப்பதற்கு வறட்சி மட்டும் காரணம் இல்லை. மணிக்கட்டு வியர்வையின் உப்பு அடிப்பக்கத்தில் இறங்கி, காயக் காயத் தோலை விறைப்பாக்குகிறது. அந்த உப்பைத் துடைக்காமல் கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கும் கிரீம் அல்லது எண்ணெய்) தடவினால், அழுக்கையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள்.

முதலில் தோலைப் பாருங்கள்

ஸ்ட்ராப்பின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். அரை நிமிடத்துக்குள் உறிஞ்சி அந்த இடம் கருத்தால், அது பூச்சு இல்லாத தோல். ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கண்டிஷனர் அதிகம் பயன்படுவது இதற்குத்தான். துளி முத்து மாதிரி நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. கிரீம் உள்ளே போகாமல் பிசுபிசுக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஸ்வேட், நுபக் எனப்படும், தேய்த்து மெத்தென்று ஆக்கிய தோல் ஸ்ட்ராப்புக்குக் கிரீமே வேண்டாம். பஞ்சு போன்ற மேற்பரப்பு படிந்து கறையாகிவிடும். பிரஷ் போட்டால் போதும்.

எண்ணெயா, மெழுகா, கிரீமா?

குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் நீட்ஸ்ஃபூட் ஆயில், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. கனத்த தோலுக்கு அருமையானது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்ட்ராப்புக்கு அது அதிகம்: நிறம் கருக்கும், பக்கிள் ஓட்டைகள் இழுபடும், மேல்தோலையும் லைனிங்கையும் ஒட்டியிருக்கும் பசை விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பதால், ஏசி அறையில் வெள்ளைப் படலம் தெரியலாம். கெட்டி மெழுகு முதலைத் தோலின் செதில் இடுக்குகளில் அடைந்துகொள்ளும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் தண்ணீர் கலந்த, நிறமற்ற மெல்லிய கிரீமையே வாங்குங்கள். நிறம் மாறக் கூடாது என்றால் பிக்மோர் நிறுவனத்தின் பிக் 4 நல்ல தேர்வு. சஃபீர் ரெனோவேட்டர் என்ற கிரீமில் மிங்க் எண்ணெயும் தேன்மெழுகும் உண்டு. லேசான பளபளப்புத் தரும், ஆனால் வெளிர் தோலைக் கொஞ்சம் கருக்கலாம். எதுவானாலும் ஒரு மூலையில் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

செய்முறை

1. ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடித்திருக்கும் சிறு கம்பியான ஸ்பிரிங் பாரை எடுத்து ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். வாட்சோடு சேர்த்துத் தடவினால் கிரீம் இடுக்கில் புகுந்து அழுக்கைச் சேர்க்கும்.

2. துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, அடிப்பக்கத்தை இரண்டு முறை துடையுங்கள். சோப்பு வேண்டாம், அது காரத்தன்மை கொண்டது, தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது.

3. ஃபேன் காற்றில், நிழலில், குறைந்தது ஓர் இரவு காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கி வளையும்.

4. பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, ஒரு பச்சைப்பயறு அளவு கிரீம் எடுங்கள். இரண்டு துண்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். துணியிலேயே முதலில் பரப்பிக்கொண்டு, மேல்பக்கத்தில் மட்டும் வட்டமாகத் தேயுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் அந்த இடம் மட்டும் திட்டாகக் கருக்கும். சாயம் பூசிய ஓரங்களைத் தொடாதீர்கள், சாயம் உரியலாம்.

5. கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்து, மறுநாள் கட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். வியர்வைத் துடைப்பை மட்டும் வாரம் ஒரு முறை செய்யுங்கள்.

வெள்ளை படிந்தால்

ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். உருகி மறைந்தால் அது மேலே வந்த கொழுப்பு. அளவு அதிகமாகிவிட்டது, துணியால் துடைத்து அடுத்த தடவையைத் தள்ளிப்போடுங்கள். ஈரத்துணியில் கரைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் உப்பு. இரண்டும் இல்லாமல், நூல் நூலாக, மக்கல் வாடையோடு இருந்தால் பூஞ்சை. அதன்மேல் கண்டிஷனர் தடவாதீர்கள். வெளியில் வைத்து உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, சில நாள் காற்றாட விடுங்கள். லைனிங்கில் மறுபடி முளைத்தால் ஸ்ட்ராப்பையே மாற்றிவிடுங்கள்.