பழைய காரின் அடியில் வேலை செய்யும் முன்

பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்கும்போது, என்னைக் கேட்டால், வண்டிக்கு அடியில் எப்படிப் போகப் போகிறோம் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆயில் மாற்றவும் சைலன்சரைப் பார்க்கவும் ராம்ப், அதாவது சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை, போதும். பிரேக், சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு நாலு ஆக்ஸில் ஸ்டாண்ட், அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கிகள், வேண்டும். தரைத் தகட்டையே வெட்டி வெல்டிங் செய்வதாக இருந்தால் மல்லாந்து படுத்துச் செய்யாதீர்கள், பொறியெல்லாம் முகத்தில்தான் விழும். இன்ஜின், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பாடியைச் சுழலும் சட்டத்தில் மாட்டித் திருப்பிக்கொள்வதே நல்லது.

தூக்கும் இடம் மட்டமான கான்கிரீட் தரையாக இருக்கட்டும். சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அதனால் பயனில்லை. அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், ஜாக்கியை எங்கே வைப்பது? என்னுடையது மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார். அதற்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி கறுப்புப் பூச்சோடு பார்க்கத் திடமாகவே தெரியும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துருப்பிடித்த இடம் மொத்தென்று கேட்கும். அங்கே முனையால் குத்தினால் பூச்சோடு சேர்ந்து செதில் செதிலாக உதிரும். அங்கே ஜாக்கி வைத்தால் வண்டி எழாது, தகடுதான் உள்ளே போகும். பின்னால் ஆக்ஸில் குழாய், முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் தடித்த குறுக்குச் சட்டம், இவைதான் நம்பகமானவை. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஹைட்ராலிக் ஜாக்கியின் ரப்பர் சீல் விட்டுப்போனால் வண்டி அப்படியே இறங்கிவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட ஆபத்து, எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். மைனர் ஒரு டன்னுக்கும் குறைவுதான், இருந்தும் நான் 2 டன் ஸ்டாண்டுகளையே வைத்திருக்கிறேன். பாரம் ஸ்டாண்டில் இறங்கியதும் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி முழுதாகக் கீழே விழாமல் இருக்க, கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது என் பழக்கம்.

தூக்கிய பிறகு கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். தூக்கும் முன் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கதவுக்குக் கீழுள்ள தகட்டை வெட்டினால், புதுத் தகடு அதே வளைவோடு நிலைத்துவிடும். ஸ்டாண்டுகளை இடம் மாற்றி, கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகே வெட்டுங்கள்.

வண்டிக்கு அடியில் போகும்போது பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி கட்டாயம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.