நோட்டீஸில் ‘சஸ்டெய்னபிள்’ என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே மெரிபேங்கில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதனால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு வரும் ஆங்கில நோட்டீஸ்களைப் பெரியவர்களுக்காகத் தமிழில் எழுதித் தர வேண்டும். பக்கத்திலேயே மனுவும் பேனாவும் காத்திருக்கும். ‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ இல்லாத நோட்டீஸை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க நான் கையாளும் வழி இது.

முதலில் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். நான் ஆரம்பத்தில் ‘நிலையான வளர்ச்சி’ என்று எழுதி வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆயா, “நிலைச்சு நின்னுட்டா அப்புறம் எப்படிப்பா வளரும்?” என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனால் கேள்வி சரிதான். ‘நீடித்த வளர்ச்சி’ என்றால் நீடிக்க வேண்டியது வளர்ச்சி. ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்றால் குன்றக்கூடாதது வளம். இலங்கையில் எழுதும் ‘பேண்தகு’, பேணத் தகுந்தது எது என்று கேட்க வைக்கிறது. நோட்டீஸில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது உறுத்தாமல் உட்காருகிறதோ, பெரும்பாலும் அதுதான் அவர்கள் மனதில் உள்ளது.

காடு, விலங்கு, ஈரநிலம் என்று பேசும் அமைப்புகளுக்கு ‘வளங்குன்றா’ ஒட்டிக்கொள்ளும். 1980இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், உலக வனவிலங்கு நிதியம், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட உலகப் பாதுகாப்பு உத்தியிலிருந்தே அந்தப் பேச்சு வருகிறது. 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் இந்தச் சொல்லை வரையறுத்தபோது வருங்காலத் தலைமுறையின் தேவைகளைப் பற்றிப் பேசியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே வரையறையில் ஏழைகளின் அடிப்படைத் தேவைக்கே முதலிடம் என்றும் இருக்கிறது. நோட்டீஸ் இந்த இரண்டில் எதை விட்டுவிட்டது என்று தேடுங்கள்.

அடுத்தது, யார் வீட்டு வாசலில் நடக்கிறது என்று பாருங்கள். டர்பனின் கிளேர் எஸ்டேட் பகுதியில் உள்ள பிசாசர் சாலைக் குப்பைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல், நிறவெறி ஆட்சியில், இந்தியர் குடியிருப்பை ஒட்டித் திறந்தார்கள். பிறகு அங்கே எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்து, அதனால் குறையும் மாசைக் கணக்கிட்டுக் ‘கார்பன் வரவு’ என்று விற்கும் திட்டம் வந்தது. பருவநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட திட்டம் வளரும் நாட்டின் நீடித்த வளர்ச்சிக்கு உதவ வேண்டும், ஆகவே காகிதத்தில் எல்லாம் சரி. குப்பைமேட்டுக்கு எதிரே குடியிருந்த சஜிதா கானோ, அதை மூடுவதே தீர்வு என்று புற்றுநோயில் இறக்கும்வரை போராடினார். பக்கத்துக் கென்னடி சாலைக் குடிசைகளில் இருந்தவர்களில் பலர் அந்தக் குப்பையில் பொறுக்கித்தான் சோறு தின்றார்கள். மூடினால் அவர்கள் பிழைப்பு போய்விடும். திட்டக்காரர்கள், சஜிதா கான், குடிசைவாசிகள் என்ற இந்த மூன்று தரப்பில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸ் எழுதியவர் இவர்களில் யாருக்குப் பக்கத்தில் நின்று எழுதினார் என்று தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பிறகு, நோட்டீஸ் கொண்டு வந்தவரிடமே கேளுங்கள்: “எந்தத் திட்டம் வந்தால் வேண்டாம் என்பீர்கள்?” என் அனுபவத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. எல்லாவற்றையும் ‘சமநிலையோடு அணுகுவோம்’ என்று நழுவுபவர்கள் உண்டு. எர்த்லைஃப் ஆப்பிரிக்கா போன்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் அணு மின்நிலையம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நமக்கு ஒப்புதல் இல்லாவிட்டாலும் அவர்கள் நிற்கும் இடமாவது தெரியும். 2002 ஆகஸ்ட் 31 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில், ஐ.நா.வின் ‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ மாநாடு நடந்த பணக்காரப் பகுதியான சாண்ட்டனுக்கு, பக்கத்து ஏழைக் குடியிருப்பான அலெக்ஸாண்ட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் பேசியதும் இதே சொல்லைத்தான்.

சட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலை உரிமையாகத் தருகிறது. கூடவே ‘நியாயப்படுத்தத்தக்க’ பொருளாதார, சமூக வளர்ச்சி என்றும் சொல்கிறது. அமைப்புகள் மோதிக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

மனுவில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்த வேண்டாம். ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நடக்கும்போது, ‘அக்கறையுள்ள, பாதிக்கப்படும் தரப்பு’ என்று பெயரைப் பதிவு செய்துவிட்டால் வரைவறிக்கை உங்களுக்கும் வரும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். ஒரு பக்கம் போதும், பொதுவாக எழுதாமல் உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள். 2010இல் மூடிய டர்பனின் பழைய விமான நிலைய நிலத்தைத் தோண்டித் துறைமுகம் கட்டும் பேச்சு வந்தபோது, அதே ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அங்கே பல ஆண்டுகளாகக் காய்கறி போட்டுவந்த நம்மவர்களைப் பற்றி, கீரைக்கட்டைக் கொடுத்துவிட்டுக் காசு நாளைக்குத் தாருங்கள் என்பார்களே, அதைக்கூட விடாமல் எழுதச் சொன்னார். ‘சஸ்டெய்னபிள்’ என்று ஒரு இடத்திலாவது போடலாமா என்று கேட்டேன். “உனக்கு வேணும்னா போட்டுக்கோ” என்றார்.